விட்டிலின் மேல் ஏற்றிய பழி

ஐம்புலன்களுள் ஒவ்வொன்றின் வழியாகவும் ஓர் உயிர் அழிவதாக நம் முன்னோர் ஒரு பட்டியல் வகுத்து வைத்தனர். ஓசையில் மயங்கி மான் வலைப்படும். ஊற்றின்பத்தால் யானை குழியில் வீழும். சுவையால் மீன் தூண்டிலைக் கவ்வும். மணத்தால் வண்டு குவிந்த மலருக்குள் சிறைப்படும். கண்ணால் கண்ட ஒளியின்மேல் கொண்ட வேட்கையால் விட்டில் விளக்கில் விழுந்து மாயும். வடமொழி அறநூல்களிலும் நம் தமிழ் உரைகளிலும் இப்பட்டியலைச் சிறு சிறு மாற்றங்களுடன் காணலாம். பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் வரும் அவதூதர் தமக்கு வாய்த்த இருபத்து நான்கு குருமார்களுள் விட்டிலையும் ஒன்றாக எண்ணுகிறார். ஆயினும் அக்குருவிடம் அவர் கற்ற பாடம், அதனைப் போல் ஆகாதிருத்தல் என்பதே. கீதையின் பதினோராம் அத்தியாயத்திலும், விசுவரூபத்தின் வாய்களுள் விரைந்து புகும் வீரர்களுக்கு விட்டிலே உவமை.

வடபுலத்தில் வந்து குடியேறிய நம்மவர்க்கு வேறொரு விட்டிலும் அறிமுகமாயிற்று. உருதுக் கவிதையில் அதற்குப் 'பர்வானா' என்று பெயர், விளக்கு 'ஷமா'. பாரசீகத்திலிருந்து வந்த இம்மரபில் விட்டில் பேதையன்று, மெய்யன்பன். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த அத்தார் என்னும் சூஃபிக் கவிஞர், சுடரைப் பற்றிச் செய்தி அறிந்து வரச் சென்ற விட்டில்களின் கதையைச் சொன்னார். சுடரோடு கலந்து எரிந்ததே அதனை அறிந்தது என்பது அக்கதையின் முடிவு. பழைய தில்லியின் கவியரங்குகளில் எவர் முன் மெழுகுவர்த்தி வைக்கப்பட்டதோ அவர் பாடும் முறை வந்தது என்று பொருள். அங்கே கவிஞனே விட்டிலாகிறான்.

ஒரு மரபு அதனை அறிவிலி என்று இகழ்ந்தது. மற்றொரு மரபு அதனைக் காதலன் என்று போற்றியது. இகழ்ச்சியும் புகழ்ச்சியும் எதிரெதிர் நின்றாலும் ஒன்றில் உடன்பட்டன. அது விரும்பி வந்தது என்பதில் இரு சாராருக்கும் ஐயமே இருந்ததில்லை. விரும்பி வந்தமையால் அதன் அழிவுக்கு அதுவே பொறுப்பு. விளக்குக்கும் அதனை ஏற்றியவனுக்கும் அதில் பங்கில்லை. இந்த முடிவு எவ்வளவு எளிதாக நமக்குள் அமர்ந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூச்சிக்காக மட்டும் அன்று. இதே அளவுகோலால்தான் நாம் மனிதரையும் அளந்து வருகிறோம்.

விட்டில்களை ஒளியால் வரவழைத்து, இன்னது இன்னது என்று இனங்காணும் பழக்கம் இன்று இந்தியாவில் பலரிடம் பரவி வருகிறது. ஒரு காலத்தில் இது அறிஞர் சிலரது தொழிலாக இருந்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்சன் என்னும் ஆங்கிலேயர் அங்கே விட்டில்களின் மேல் ஈடுபாடு கொண்டு, பின்னர் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக இந்திய விட்டில்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். இன்றும் அந்நூலைத் தொடாமல் இத்துறையில் எவரும் நெடுந்தொலைவு செல்ல இயலாது. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி வகைகள் ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல்; விட்டில் வகைகளோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. பகலில் பறக்கும் சிறுபான்மையைக் கவிஞர் பாடினர். இரவில் பறக்கும் பெரும்பான்மைக்கு நம் மொழியில் பெயர்கூட இல்லை. 'அந்து' என்பது நெல்லையும் துணியையும் அரிப்பதற்கு இட்ட பெயர். 'விட்டில்' என்பது விளக்கில் விழுவதற்கு இட்ட பெயர். நமக்கு இழப்பை உண்டாக்கியபோதோ, நம் கண்ணெதிரே செத்தபோதோ அன்றி நாம் அதனைப் பார்த்ததில்லை என்பதற்கு இவ்விரு சொற்களுமே சான்று.

தில்லியிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் அடையக்கூடிய குமாவோன் மலைச்சாரலில், மழைக்காலத்து அமாவாசையை ஒட்டிய இரவு ஒன்றில் இப்பணியை உடனிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டனர். அதன்முன் பாதரச ஆவி விளக்கு ஒன்று. இவ்வளவே கருவி. நிலவற்ற, காற்றடங்கிய, மழை பெய்து ஓய்ந்த வெதுவெதுப்பான இரவு இதற்கு உகந்தது என்றனர். முதல் அரைமணி நேரம் கொசுவும் சிறு வண்டுகளுமே வந்தன. பிறகு துணி நிறையத் தொடங்கிற்று.

அதற்கு முன் 'பூச்சி' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்பட்டிருந்தவை, அன்றிரவு ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. துணியோடு துணியாகச் சிறகை முழுதும் பரப்பி ஒட்டிக்கொண்டவை ஓரினம். அவற்றின் புழுக்கள் சாண் அளப்பதுபோல் வளைந்து வளைந்து நடப்பவை. அம்புமுனை போல் சிறகைப் பின்னுக்கு மடித்து, உடம்பு அதிர நின்றவை பருந்து விட்டில்கள். காய்ந்த இலையின் நரம்பும் ஓட்டையும் பூஞ்சணமும் வரை வரைந்து வைத்தாற்போல் ஒன்று. வெளிர்பச்சைச் சிறகும் நீண்ட வாலுமாக நிலா விட்டில் ஒன்று வந்தபோது பேச்சு நின்றது. அந்த வால் வெறும் அழகன்று. அதன் நெருங்கிய உறவான அமெரிக்க இனம் ஒன்றில் செய்து, 2015இல் வெளியிட்ட ஆய்வில், பறக்கும்போது சுழலும் வால் வௌவாலின் எதிரொலிக் கணிப்பைத் திசைதிருப்பி, உயிர்நிலையான உடம்பைக் காக்கிறது என்று கண்டனர். வௌவால் வாலைக் கடித்துக்கொண்டு போகும், விட்டில் பிழைக்கும். நள்ளிரவை நெருங்கி வந்தது அட்லசு விட்டில்; சிறகு விரிந்தால் ஒரு சாணுக்கும் மேல். அதற்கு உண்ணும் வாயே இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிய வேண்டியது. உணவின் சுவையே அறியாத இதனைப் புலனாசைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பட்டியலை அப்போது நினைத்துக்கொண்டேன்.

தொல்காப்பியர் மரபியலில் தும்பி முதலியவற்றை நான்கறிவுயிராக வகுத்தார். செவியறிவு இல்லை என்பது அதன் பொருள். அவர் காலத்துக்கு அது வியப்பூட்டும் நுண்ணோக்கு. ஆயின் விட்டில்களுள் பலவற்றுக்குச் செவி உண்டு. அதுவும் நம் காதுக்கு எட்டாத வௌவாலின் குரலைக் கேட்கும் செவி. சிலவற்றில் ஒரு செவிக்கு இரண்டே இரண்டு உணர்நரம்பணுக்கள். அவ்விரண்டைக் கொண்டு, எதிரி தொலைவில் இருக்கிறதா, அண்மித்துவிட்டதா என்று பிரித்தறிந்து, விலகிப் பறப்பதா தலைகுப்புற விழுவதா என்று அவை முடிவு செய்கின்றன. மண்டையோட்டு விட்டில் என்ற ஒன்றை 2022இல் வெளியான ஆய்வுக்காகச் செருமனியிலிருந்து சிறு ஒலிபரப்பி பொருத்தி, விமானத்தில் பின்தொடர்ந்து பார்த்தனர். ஆல்ப்சு மலையை நோக்கி ஓரிரவில் எண்பது கிலோமீட்டருக்கும் மேலாக, காற்று எதிர்த்தபோதும் திசை பிறழாமல் அது பறந்தது. நாடு விட்டு நாடு செல்லும் அவ்வுயிர்க்குள் ஒரு திசைமானி இருக்கிறது. முதுகில் மண்டையோடு போன்ற குறி இருந்த ஒரே காரணத்தால் ஐரோப்பியர் அதனைச் சாவின் தூதன் என்று அஞ்சினர். அவ்வினத்துக்கு இட்ட அறிவியற் பெயர்களும் ஊழ்த்தெய்வங்களின் பெயர்களும் நரகத்து ஆற்றின் பெயருமாகவே அமைந்தன. அது செய்யும் குற்றமோ தேன்கூட்டில் புகுந்து சிறிது தேன் திருடுவது மட்டுமே.

இத்தனை கூரிய உயிர் விளக்கைக் கண்டால் மட்டும் ஏன் அறிவிழந்து சுழல்கிறது? நெடுங்காலம் பலர் பல காரணம் சொன்னார்கள். நிலவைத் திசைகாட்டியாகக் கொண்டு பறப்பவை விளக்கை நிலவென மயங்குகின்றன என்பது அவற்றுள் புகழ்பெற்றது. 2024 சனவரியில் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலியோர் 'நேச்சர் கம்யூனிகேசன்சு' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. விரைவாக இயங்கும் ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலும் கோசுட்டா ரிக்காவின் காட்டிலும் பூச்சிகளின் பறத்தலைப் பதிவு செய்து பார்த்தபோது, அவை விளக்கை நோக்கி நேராகப் பறக்கவில்லை என்று கண்டனர். விளக்குக்குத் தம் முதுகைக் காட்டியபடி, அதற்குக் குறுக்காகப் பறந்தன.

முதுகைக் காட்டுவது ஏன்? சிறிய உடம்பும் விரைந்த திருப்பங்களும் கொண்ட உயிர்க்குப் புவியீர்ப்பை உணர்ந்து மேல் எது, கீழ் எது என்று அறிவது அரிது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவிலும் வானம் மண்ணைவிடச் சற்றே வெளிச்சமானது. ஆகையால் ஒளி மிகுந்த பக்கமே மேல். அதற்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நிமிர்ந்து பறக்கலாம். இது பிழையற்ற விதியாக இருந்தது. நாம் பக்கவாட்டில் ஒரு விளக்கை ஏற்றினோம். அதன்பின் அவ்வுயிர் விளக்குக்கு முதுகைக் காட்ட ஓயாமல் சாய்ந்து, சாய்ந்ததனால் வளைந்து, வளைந்ததனால் சுற்றத் தொடங்குகிறது. விளக்கின் மேலாகப் பறந்தால் அது மல்லாந்து தரையில் விழுகிறது. கீழாகப் பறந்தால் செங்குத்தாக ஏறி விசையிழக்கிறது. மேலே வெண்துணியைக் கூரைபோல் விரித்து அதில் ஒளியைப் பரப்பியபோது அதே பூச்சிகள் நேராகப் பறந்து போயின. எத்துணைத் தொலைவிலிருந்து அவை இவ்வாறு ஈர்க்கப்படுகின்றன என்பதை இவ்வாய்வு விளக்கவில்லை. விளக்கின் அருகே நிகழ்வதையே விளக்குகிறது. எனினும் நம் பட்டியலை மறுபடி எழுத இதுவே போதும். விட்டிலுக்கு விளக்கின்மேல் ஆசை இல்லை. அது வானத்தைத் தேடுகிறது. நாம் வானத்தின் இடத்தை மாற்றிவிட்டோம்.

அப்படியானால், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கூறி வந்த நீதி பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். உவமை தவறினால் உவமிக்கப்பட்டது தவறாகாது. புலன்வழி அழியும் மனிதர் உண்மையாகவே உளர். என் கவலை வேறு. விழுந்தவனைக் கண்டவுடன் அவன் உள்ளத்தில் ஓர் ஆசையைக் கற்பித்து, அந்த ஆசையையே முழுக் காரணமாக்கி, விளக்கை விசாரணைக்கு வெளியே நிறுத்திவிடும் பழக்கத்தை இவ்வுவமை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஊரைவிட்டு வந்த நம் தலைமுறையினருக்கு இது புதிதன்று. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் புறப்பட்டவர்களைப் பட்டணத்து வெளிச்சத்தில் விழப்போகும் விட்டில்கள் என்று பேசிய பெரியவர்களை நம் குடும்பங்கள் அறியும். ஏரி வற்றியதையும், நிலம் பங்குபட்டுக் குறுகியதையும், படித்த பிள்ளைக்கு அங்கே வேலை இல்லாதிருந்ததையும் அப்பேச்சு கணக்கில் கொள்ளவில்லை. நிமிர்ந்து நிற்க வழி தேடியவனை மினுக்கலுக்கு ஏங்கியவன் என்றது. இன்று நாம் அதே பேச்சை அடுத்தவரைக் குறித்துப் பேசுகிறோம். கைப்பேசிச் சூதாட்டத்தில் சேமிப்பை எல்லாம் தொலைத்த இளைஞனைக் கண்டால், பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அவ்விளையாட்டை அமைத்தவர், எந்த நிறத்தில், எந்த ஒலியில், எத்தனை முறை சிறிது வெல்லவிட்டால் கை விலகாது என்று கணக்கிட்டே விளக்கை ஏற்றினர் என்பது நம் தீர்ப்பில் இடம்பெறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மனிதன் விட்டில் அல்லன். தன் திசைமானி பிறழ்வதைத் தானே அறியக்கூடியவன்; பிறர் சொல்லக் கேட்டுத் திருந்தக்கூடியவன். ஆகவே அவன் பொறுப்பு அவனுடையதே. ஆனால் பொறுப்பு என்பது ஒரே அளவுள்ள அப்பம் அன்று, ஒருவன் எடுத்ததைக் கழித்து மற்றவனுக்கு மிச்சம் தருவதற்கு. விழுந்தவன் முழுப் பொறுப்பாளியாக இருக்கும்போதே ஏற்றியவனும் முழுப் பொறுப்பாளியாக இருத்தல் கூடும்.

ஏற்றியவன் பொறுப்பை முன்னரே உணர்ந்தவர்கள் நம் நாட்டில் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சமணர் இரவில் உண்பதைத் தவிர்த்ததற்கு அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, விளக்கொளியில் சிற்றுயிர்கள் வந்து உணவிலும் சுடரிலும் விழுந்து மடியும் என்பது. இன்றும் நம் அண்டைவீட்டுக் குசராத்தியரும் மார்வாரியரும் பலர், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதைக் காண்கிறோம். விட்டில் ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சி அவர்களிடம் இல்லை. அதன் உள்ளத்தில் ஆசை உண்டா என்றும் அவர்கள் கேட்கவில்லை. என் விளக்கால் அது சாகிறது. ஆகவே நான் என் உணவு நேரத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றனர். உவமை செய்தவர்களைவிட இவர்கள் விட்டிலுக்கு அருகில் இருந்தார்கள் என்பது என் கருத்து.

விளக்கு எல்லாம் ஒன்றல்ல. அசாமின் சாத்திங்கா என்னும் மலையூரில், மூடுபனியும் இருளும் சூழ்ந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இரவுகளில், விளக்கொளியை நாடித் திசைதடுமாறி வந்த பறவைகளை ஊரார் அடித்து உண்டு வந்தனர். அது உணவுக்கான விளக்கு. நம் நெல்வயல்களில் தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சியைப் பிடிக்க வைக்கும் விளக்குப்பொறி பயிருக்கான விளக்கு. வெண்துணியின் முன் வைப்பது அறிவுக்கான விளக்கு. அதுவும் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். ஓரிரவு துணியில் கிடந்த பெண்பூச்சி அவ்விரவு முட்டையிடவில்லை. சில இனங்களைக் கொன்று உடற்கூறு பார்த்தாலன்றிப் பெயர் சொல்ல முடியாது. ஹாம்சனின் நூலும் ஊசி குத்திய உடல்களின்மேல் எழுந்ததே. இன்றைய பார்வையாளர் பெரும்பாலும் ஒளிப்படத்தோடு நிறைவடைந்து, பெயர் உறுதிப்படாதவற்றைக் குடும்பப் பெயரோடு விட்டுவிடுகின்றனர். ஒரே இடத்தில் நாள்தோறும் விளக்கேற்றலாகாது என்பதும், விடியுமுன் விளக்கை அணைத்துத் துணியை மெல்ல உதறிப் பூச்சிகளைப் புதருக்குள் விடவேண்டும் என்பதும் அவர்களது ஒழுக்கம். இல்லாவிடில் கரிச்சானும் கொண்டைக்குருவியும் விடியலில் வரிசையாக வந்து பந்தியில் அமர்ந்துவிடும்.

இம்மூன்று விளக்குக்கும் ஏற்றியவன் ஒருவன் இருக்கிறான். எதற்கு என்று கேட்டால் விடை சொல்வான். நான்காவது விளக்கு ஒன்று உண்டு. யாருக்காகவும் அன்றி இரவு முழுதும் எரிவது. ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில், பூட்டிய கடையின் பெயர்ப்பலகையில், நம் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் எரிவது. இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தெருவிளக்கு உள்ள வேலியோரங்களில் விளக்கற்ற வேலியோரங்களைவிட விட்டிற்புழுக்கள் 47 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டது. கொல்லவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. எவருக்கும் அதனால் ஒரு கவளம் உணவும் இல்லை. எண்ணிப் பார்த்தவரும் இல்லை. உண்பதற்குக் கொன்றவனைவிட, கொன்றதே தெரியாதவன் குற்றம் குறைந்தவன் என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். உள்நோக்கத்தை வைத்து அளந்தால் அது சரி. ஆனால் முதலாமவனிடம் பேசி அவனை மாற்றலாம். இரண்டாமவனோ, தன்னைக் குறித்துத்தான் பேசுகிறோம் என்பதையே அறியமாட்டான்.

மனிதர் துன்பம் மலையளவு கிடக்கப் பூச்சிக்கு இரங்குவதா என்ற வினா நியாயமானதே. இருண்ட தெருவில் வீடு திரும்பும் பெண்ணுக்கு விளக்கு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவள் நடக்கும் தரையில் விழும்படி மூடியிட்ட மஞ்சள் விளக்கு அவளுக்கும் போதும். லடாக்கின் ஹன்லேயில் 2022இல் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பை இருள்வானக் காப்பகமாக அறிவித்து, ஊரார் தம் விளக்குகளுக்கு மூடியிட்டுக்கொண்டனர். அது விண்மீன்களைப் பார்ப்பவர்க்காகச் செய்தது, விட்டிலுக்காக அன்று. எனினும் விட்டில் அதனைப் பற்றிக் கவலைப்படாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் சங்க விழாவுக்குக் காஞ்சிப் பட்டுடுத்தி வரும் அன்பர்கள் பொறுத்தருள்க. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளை உள்ளிருக்கும் உயிரோடு வெந்நீரில் இடுகிறோம். அந்தப் பட்டு விட்டிலோ, நம்மிடம் வாழ்ந்து வாழ்ந்து பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. விளக்கில் விழக்கூட அதற்கு வழியில்லை.

மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு ஆய்வில் விதிக்கு விலக்காக நின்றவற்றுள் ஒன்று நம்மூர்ப் பூச்சி. அரளிப் பருந்து விட்டில், விளக்குக்கு மேலாகப் பறந்தபோதும் மல்லாந்து விழாமல் நேரே சென்றது. எப்படி என்பது இன்னும் தெளிவாகவில்லை. பாசிப்பச்சையில் இளஞ்சிவப்பு ஓடிய சிறகுடைய இவ்வுயிரைக் காணக் குமாவோனுக்குப் போக வேண்டியதில்லை. பூசைப் பூவுக்காக நம்மவர் குடியிருப்பெங்கும் நட்டு வைத்திருக்கும் நந்தியாவட்டையிலும் அரளியிலும் மழைக்காலத்தில் இதன் புழு வளரும். ஆட்டையும் மாட்டையும் கொல்லும் அரளி இலை அதற்கு உணவு. விரல் பருமனில் பச்சையாக இருக்கும். தலைக்குப் பின்னால் நீலநிறத்தில் இரண்டு பொய்க்கண்கள். தொட்டால் தலையை உள்ளிழுத்து அக்கண்களைப் பெரிதாக்கிக் காட்டும். இலைகளைச் சில நாளில் மொட்டையாக்கிவிடும் என்பதால் தோட்டக்காரர் மருந்தடிக்க வருவார்; செடி மறுபடி தழைத்துவிடும் என்று அவரிடம் சொல்லிப் பார்க்கலாம்.